எமிலியா ஏன் வாயைத் திறக்கவில்லை?

கேள்வி: ஊசிநூல்

கோவையில் பத்துப் பன்னிரண்டு பேர் சேர்ந்து ஒரு சிறு நாடகக் குழு வைத்திருக்கிறோம். எல்லாருக்கும் பகலில் பிழைப்பு இருக்கிறது. ஒத்திகை இரவு எட்டு மணிக்கு மேல்தான். இந்த முறை ஷேக்ஸ்பியரின் ஒதெல்லோவைத் தமிழில் போடுகிறோம். எனக்கு எமிலியா வேடம். வில்லன் இயாகோவின் மனைவி, டெஸ்டிமோனாவுக்குத் துணையாக இருப்பவள். கடைசிக் காட்சியில் கதறிச் சாக வேண்டும், மற்றபடி பெரிய பாரம் ஒன்றும் இல்லை என்றார் இயக்குநர். நம்பித் தலையாட்டிவிட்டேன். இப்போது மூன்றாம் அங்கத்தில் ஒரே ஒரு வசனம் தொண்டையில் முள்ளாக நிற்கிறது.

நாடகம் தெரியாதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்கிறேன். வெனிஸ் நகரத்தின் படைத்தலைவன் ஒதெல்லோ தன் மனைவி டெஸ்டிமோனாவுக்கு முதன்முதலில் கொடுத்த பரிசு ஒரு கைக்குட்டை. ஸ்ட்ராபெரிப் பழங்கள் பூவேலை செய்தது. சைப்ரஸ் தீவில் ஒருநாள் அவன் தலைவலி என்கிறான். அந்தக் கைக்குட்டையால் அவள் நெற்றியைக் கட்டப் போகிறாள். 'இது சின்னது' என்று அவன் தள்ள, கீழே விழுகிறது. இருவரும் அதைப் பார்க்காமல் உள்ளே போய்விடுகிறார்கள். எமிலியா எடுக்கிறாள். அது இயாகோ கைக்குப் போய், அவன் மூலமாக ஒதெல்லோவின் துணைத்தளபதி காஸியோவின் அறைக்குப் போய், டெஸ்டிமோனாவுக்குக் காஸியோவோடு தொடர்பு என்பதற்குச் சாட்சியாகிவிடுகிறது. கட்டிலிலேயே மூச்சை அடைத்துக் கொன்றுவிடுகிறான் ஒதெல்லோ.

எடுத்ததற்கும் கொலைக்கும் நடுவில் ஒரு காட்சி. கைக்குட்டையைக் காணாமல் டெஸ்டிமோனா தவிக்கிறாள். 'எங்கே தொலைத்திருப்பேன், எமிலியா?' என்று கேட்கிறாள். அதற்கு என் பதில்: 'எனக்குத் தெரியாது, அம்மா.'

இவ்வளவுதான் வசனம். ஆனால் எமிலியாவுக்குத் தெரியும். சற்று முன்புதான் அவள் கையிலிருந்து கணவன் கைக்குப் போயிருக்கிறது.

'பயம். கணவனுக்குப் பயந்து பொய் சொல்கிறாள். தலையைக் குனிந்துகொண்டு சொல்லுங்கள்' என்கிறார் இயக்குநர். ஐந்தாறு ஒத்திகையில் குனிந்து பார்த்துவிட்டேன். ஒட்டவில்லை. பயந்தவள் அதே காட்சியில், இன்னும் ஒரு பக்கம் தள்ளி, ஆண்கள் எல்லாம் வெறும் வயிறு, நாம் எல்லாம் சாப்பாடு, பசிக்கும்போது தின்பார்கள், வயிறு நிறைந்ததும் ஏப்பம் விடுவார்கள் என்று பேசுவாளா? குனிந்த தலையோடு அந்த ஏப்பத்தை எப்படிச் சொல்வது?

டெஸ்டிமோனாவாக நடிக்கும் பெண் வேறொன்று சொல்கிறாள். எமிலியாவுக்கு எஜமானியின் மேல் உள்ளூரப் பொறாமையாம். அவளை ஒருவன் இப்படிக் கொண்டாடுகிறான், தன்னைத் தன் கணவன் துறைமுகத்தில் நாலு பேர் முன்னால் வாயாடி என்கிறான். அந்தக் காந்தல் இருக்காதா என்று கேட்கிறாள். இருக்கலாம். ஆனால் கடைசியில் அந்த எஜமானிக்காகத்தான் உயிரை விடுகிறாள். பொறாமைக்காரி அப்படிச் செத்து நான் பார்த்ததில்லை.

என் தொழிலையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் என் சந்தேகம் அங்கிருந்துதான் கிளம்பியது. நான் ஆரி வேலை, அதாவது கொக்கி ஊசியால் துணியில் பூவேலை, செய்து பிழைப்பவள். நாடகத்துக்கான கைக்குட்டையும் என் தலையில்தான் விழுந்தது. நான் படித்தது பன்னிரண்டாம் வகுப்பு. ஆங்கில மூலத்தைக் கல்லூரியில் படிக்கும் என் மகள் வரிவரியாகப் படித்துக் காட்டினாள். கைக்குட்டையை எடுத்தவுடன் எமிலியா சொல்வது, 'இதைத் திருடிக் கொடு என்று என் கணவன் நூறு முறை கெஞ்சியிருக்கிறான்' என்பது. அடுத்துச் சொல்வதைத்தான் எங்கள் தமிழ்ப் பிரதியில் விட்டுவிட்டார்கள்: 'இந்த வேலையைப் பார்த்து இன்னொன்று எடுத்து, இயாகோவுக்குக் கொடுப்பேன்.'

இது எங்கள் தொழில் பேச்சு. வந்த பிளவுஸைப் பார்த்து 'இதே டிசைனை எடுத்துக் கொடுங்கள்' என்று வாரத்துக்கு நாலு பேர் கேட்கிறார்கள். பூவேலையின் மேல் பட்டர் தாளை (அடியில் இருப்பது தெரியும் மெல்லிய தாள்) வைத்துப் பென்சிலால் கோடு எடுக்க வேண்டும். கோட்டின் மேலேயே ஊசியால் நெருக்கமாகத் துளை குத்த வேண்டும். புதுத்துணியில் அந்தத் தாளை விரித்து, மண்ணெண்ணெயில் குழைத்த பொடியைப் பஞ்சில் தொட்டுத் தேய்த்தால் படம் துளை வழியாகத் துணியில் இறங்கிவிடும். ஒரு கைக்குட்டைக்கு அரைமணி நேர வேலை. எமிலியா காலத்தில் மண்ணெண்ணெய் கிடையாது, கரித்தூளோ என்னவோ. ஆனால் வேலை இதுதான். எஜமானி கேட்பதற்குள் அசலைத் திருப்பி வைத்துவிடலாம். நகலைக் கணவனுக்குக் கொடுத்துவிடலாம். ஆக, எடுக்கும்போது அவள் மனத்தில் திருட்டே இல்லை. எங்கள் பிரதியில் அந்த வரியை வெட்டியதும் அவள் சுத்தமான திருடியாகிவிட்டாள்.

ஆனால் வரைபடம் எடுப்பதற்குள் இயாகோ வந்துவிடுகிறான். அவள் கையிலிருந்து பறித்துக்கொள்கிறான். (பறிக்கிற ஒத்திகையில் இரண்டு முறை ஓரம் கிழிந்துவிட்டது. இப்போது ஓரத்தை இரட்டையாக மடித்துத் தைத்திருக்கிறேன்.) 'முக்கியமான காரியம் இல்லை என்றால் திருப்பிக் கொடுத்துவிடு, பாவம், காணோம் என்றால் அவளுக்குப் பைத்தியமே பிடித்துவிடும்' என்று கேட்கவும் செய்கிறாள். அவன், 'உனக்கு ஒன்றும் தெரியாததுபோல் இரு, போ' என்கிறான்.

திருப்பிக் கேட்டவள்தான் கொஞ்ச நேரத்தில் 'எனக்குத் தெரியாது, அம்மா' என்கிறாள். பயமும் இல்லை, பொறாமையும் இல்லை என்றால், அந்த நேரத்தில் அவள் மனத்தில் என்னதான் இருக்கிறது? நடித்தவர்கள், படித்தவர்கள் யாராவது சொல்லுங்கள்.

பதில்: வெட்டு ஒன்று

இவ்வளவு யோசிக்க இதில் எதுவும் இல்லை. அவள் அங்கேயே உண்மையைச் சொல்லியிருந்தால் நாடகம் மூன்றாம் அங்கத்தோடு முடிந்திருக்கும். ஆசிரியருக்கு ஐந்து அங்கம் வேண்டும், வாயை அடைத்துவிட்டார். எமிலியாவுக்கு மனம் என்று ஒன்று இருப்பதாக நினைத்துக்கொண்டு நாம்தான் குடைகிறோம்.

நான் மட்டும் சொல்லவில்லை. தாமஸ் ரைமர் என்ற விமரிசகர் 1693இலேயே இந்த நாடகத்தைக் கிழித்துத் தோரணம் கட்டியிருக்கிறார். ஒரு கைக்குட்டைக்கு இத்தனை ஆர்ப்பாட்டமா, இதற்குக் 'கைக்குட்டைத் துன்பியல்' என்றே பெயர் வைத்திருக்கலாமே என்றார். இல்லத்தரசிகளே, உங்கள் துணிமணிகளைப் பத்திரமாகப் பார்த்துக்கொள்ளுங்கள் என்பதுதான் இதிலிருந்து கிடைக்கும் நீதி என்றும் நக்கலடித்தார்.

பிரெஞ்சுக்காரர்களுக்கு அந்தத் துணியே பொறுக்கவில்லை. 1792இல் பாரீசில் டூசி என்பவர் எழுதிய வடிவத்தில் கைக்குட்டையைத் தூக்கிவிட்டு வைரம் பதித்த தலைப்பட்டையை வைத்தார். 1829இல் வினீ என்ற கவிஞர் தன் மொழிபெயர்ப்பில் 'கைக்குட்டை' என்ற சொல்லை அப்படியே மேடையில் சொல்லவைத்தபோது அரங்கில் கூச்சல் எழுந்தது. துன்பியல் நாடகத்தில் மூக்கு சிந்தும் துணியா என்று!

வசனத்தைச் சொல்லிவிட்டு நகருங்கள், அம்மா. பார்வையாளர்கள் கவனிக்கவே மாட்டார்கள்.

பதில்: ஓய்வுபெற்ற வாத்தியார்

அம்மணி, முப்பத்தோரு வருடம் கல்லூரியில் ஆங்கில இலக்கியம் நடத்தியவன் நான். 'வேலையைப் பார்த்து இன்னொன்று எடுப்பது' என்ற இடத்தை அடிக்குறிப்பைப் பார்த்துச் சொல்லிவிட்டுத் தாண்டிப்போனவன். பட்டர் தாளையும் பஞ்சையும் இன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன்.

நீங்கள் கேட்டதற்கு நேரடியாக வருவதற்கு முன், ஷேக்ஸ்பியர் இந்தக் கதையை எங்கிருந்து எடுத்தார் என்று பார்க்க வேண்டும். இத்தாலிக்காரர் சிந்தியோ 1565இல் வெளியிட்ட கதைத் தொகுப்பில் இருக்கிறது. அந்தக் கதையில் பெயர் உள்ள முக்கியப் பாத்திரம் டிஸ்டெமோனா ஒருத்திதான்; மற்றவர்கள் எல்லாம் 'மூர்' (நம் ஒதெல்லோ), 'கொடிதாங்கி' (இயாகோ), 'கொடிதாங்கியின் மனைவி' (எமிலியா) என்றே வருகிறார்கள். அங்கே கைக்குட்டையை எடுப்பது மனைவி அல்ல. கொடிதாங்கியே எடுக்கிறான். எப்படி என்றால், அவனுடைய மூன்று வயதுப் பெண் குழந்தையை டிஸ்டெமோனா ஆசையாகத் தூக்கி மார்போடு அணைத்திருக்கும்போது, அவள் இடைக்கச்சையில் இருந்த துணியை அவளுக்குத் தெரியாமல் உருவிவிடுகிறான்.

மனைவிக்குக் கணவனின் திட்டம் முழுவதும் தெரியும். தன்னையும் அதற்குப் பயன்படுத்தப் பார்த்தான், அவள் இணங்கவில்லை. ஆனால் வெளியே சொன்னால் கொன்றுவிடுவான் என்று பயந்து வாயை மூடிக்கொள்கிறாள். கணவன் செத்த பிறகுதான் எல்லாவற்றையும் சொல்கிறாள். உங்கள் இயக்குநர் சொல்லும் பயம் இருக்கிறதே, அது சிந்தியோவின் மனைவிக்கு அச்சாகப் பொருந்தும்.

ஷேக்ஸ்பியர் இதை அப்படியே தலைகீழாகத் திருப்பிவிட்டார். சிந்தியோவில் அவளுக்கு எல்லாம் தெரியும், கையில் கறை இல்லை. ஷேக்ஸ்பியரில் அவளுக்கு ஒன்றும் தெரியாது, கையில் கறை இருக்கிறது. குழந்தையையும் காணோம். கதைக்குத் தேவை என்பதற்காக மட்டும் என்றால் சிந்தியோவின் திருட்டே போதும். வாயை அடைக்க வேண்டிய அவசியமே வந்திருக்காது. மேலே வெட்டு ஒன்று எழுதியதற்கு இதுதான் என் பதில். ஆசிரியர் வேலை மெனக்கெட்டு, இல்லாத ஒரு பாரத்தை இந்தப் பெண்ணின் தலையில் ஏற்றி வைத்திருக்கிறார்.

இன்னொன்று. உங்கள் குழு எந்த மூலத்தை வைத்துத் தமிழாக்கியது என்று விசாரியுங்கள். 1622இல் தனி நூலாக வந்த பதிப்பு ஒன்று, 1623இல் நாடகங்களின் பெருந்தொகுப்பில் வந்தது ஒன்று. 1622 பதிப்பில் சுமார் 160 வரிகள் இல்லை. அந்த 160இல் உங்களுடைய சொத்து நிறைய இருக்கிறது. நான்காம் அங்கத்தின் கடைசியில், படுக்கப்போகும் டெஸ்டிமோனாவின் உடைகளைக் களைந்துவிட்டுக்கொண்டே எமிலியா பேசும் நீண்ட பேச்சு: மனைவிகள் தவறினால் அது கணவர்களின் குற்றம், அவர்கள் அடிக்கிறார்கள், காரணமில்லாமல் சந்தேகப்பட்டு அடைத்துவைக்கிறார்கள், கொடுப்பதைக் குறைக்கிறார்கள், நமக்கும் கண்ணும் மூக்கும் நாக்கும் இருக்கிறது, இனிப்பும் புளிப்பும் தெரியும். இந்தப் பேச்சும் டெஸ்டிமோனாவின் வில்லோ மரப் பாட்டும் 1623இல்தான் இருக்கின்றன. பின்னால் வந்த நூற்றாண்டுகளில் அந்தக் காட்சியையே பலர் வெட்டிவிட்டு நாடகம் போட்டார்கள். அதை வெட்டிவிட்டால் எமிலியாவின் மனக்குறை எது என்றே அரங்கத்துக்குத் தெரியாது.

அந்தக் குறையின் வேர் நான்காம் அங்கத்தின் இரண்டாவது காட்சியில் ஒரு வரியில் ஒளிந்திருக்கிறது. இயாகோவைப் பார்த்து எமிலியா சொல்கிறாள்: உன் புத்தியைத் திருப்பிப்போட்டு, எனக்கும் மூருக்கும் தொடர்பு என்று உன்னைச் சந்தேகப்பட வைத்தவனும் இப்படிப்பட்ட ஒருவன்தான். ஆக, டெஸ்டிமோனாவின் மேல் விழுந்த பழி அதற்கு முன்பே எமிலியாவின் மேல் விழுந்திருக்கிறது. அதுவும் அதே ஆளோடு சேர்த்து. தன் வீட்டில் அதைக் கேட்டு, சண்டை போட்டு, ஒருவாறு ஆறிப்போனவள். அதனால்தான் பொறாமை என்பது காரணத்தால் வருவதில்லை, தனக்குத் தானே கருவாகித் தானே பிறக்கும் பூதம் என்று அவளால் டெஸ்டிமோனாவிடம் சொல்ல முடிகிறது.

இத்தகைய வீட்டில், நூறு முறை கேட்டவனுக்கு ஒரு துணியைக் கொடுத்தால் ஒருநாளாவது முகம் கொடுத்துப் பேசுவானே என்று நினைப்பது பெரிய குற்றமா? அவன் அப்போது சொல்வதைப் பாருங்கள். 'நல்ல பெண்' என்கிறான். எனக்குத் தெரிந்து நாடகம் முழுக்க அவன் அவளிடம் சொல்லும் நல்ல வார்த்தை அது ஒன்றுதான்.

பதில்: திரைக்குப் பின்

நான் மேடைக்கு விளக்குப் போடுபவன். வாத்தியார் ஐயா அளவுக்குப் படித்தவன் அல்ல. ஒன்று மட்டும் சொல்கிறேன்.

நீங்கள் எல்லாரும் அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டிருக்கிறீர்கள். எனக்கு உதைப்பது அதற்குப் பிறகு வரும் இடம். 'தெரியாது' என்று சொன்ன சற்று நேரத்தில் ஒதெல்லோ வருகிறான். கைக்குட்டையைக் கேட்கிறான். அது ஒரு எகிப்தியப் பெண் என் தாய்க்குக் கொடுத்தது, அதில் மந்திரம் இருக்கிறது, இருநூறு வயதுக் குறிசொல்லி தைத்தது, தொலைத்தால் நாசம் என்று மிரட்டுகிறான். டெஸ்டிமோனா பயந்துபோய், தொலையவில்லை என்று அவளும் ஒரு பொய் சொல்கிறாள். அவன் 'கைக்குட்டை! கைக்குட்டை!' என்று கத்திவிட்டுப் போகிறான். இத்தனைக்கும் எமிலியா எங்கே போனாள்? எங்கும் போகவில்லை. அங்கேயேதான் நிற்கிறாள். அவன் போனதும் அவள் வாயிலிருந்து வருவது, 'இந்த ஆளுக்குப் பொறாமை இல்லையா?'

முதல் பொய்யாவது ஒரு நொடியில் வாயில் வந்தது. இது பல நிமிட மௌனம். நான் விளக்குப் போட்டால் ஒதெல்லோ கத்தும்போது அவன் மேல் வெளிச்சத்தைக் குறைத்துவிட்டு மூலையில் நிற்கும் எமிலியாவின் கைகளில் வைப்பேன். உங்கள் இயக்குநர் சம்மதிக்கமாட்டார், கதாநாயகனும் சம்மதிக்கமாட்டார். ஆனால் கைகளை என்ன செய்வது என்று நீங்கள் இப்போதே முடிவு செய்துகொள்ளுங்கள், அக்கா.

ஊசிநூல் (கேள்வி கேட்டவர்)

எல்லாருக்கும் நன்றி. வெட்டு ஒன்றுக்கும்தான், கோபம் வந்தது, கோபத்தில்தான் மூளை வேலை செய்தது. அந்த ரைமர் ஐயா ஒரு கைக்குட்டையாவது தைத்துப் பார்த்திருந்தால் அப்படி எழுதியிருக்கமாட்டார். ஒரு ஸ்ட்ராபெரிக்குச் சிவப்பில் மூன்று நிறம் வேண்டும். வெளிறியது, நடுத்தரம், அடர்த்தி. அதன் மேல் விதைக்கு மஞ்சளில் முடிச்சுத் தையல். ஒரு பழம் முடிய எனக்கு முக்கால் மணி நேரம். பன்னிரண்டு பழம் போடுவதாக ஒப்புக்கொண்டு ஒன்பது முடித்திருக்கிறேன். இருநூறு வயதுக் கிழவி இதைத்தான் செய்தாள் என்றால் அவளுக்கு என் அனுதாபம். இதைக் கொடுத்தவன் தேடத்தான் செய்வான்.

வாத்தியார் ஐயா சொன்ன 'நல்ல பெண்' என்ற சொல்லை நான் ஒத்திகையில் காதிலேயே வாங்கவில்லை. ஏனென்றால் எங்கள் இயாகோ அதைச் சொல்லிக்கொண்டே பறித்துவிடுகிறார். நான் கிழியப்போகும் ஓரத்தைப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

விளக்குத் தம்பி கேட்டதை இரண்டு நாளாக யோசித்தேன். யோசிக்க யோசிக்க என் பத்தொன்பதாம் வயதில் நடந்தது ஒன்று நினைவுக்கு வந்தது. இதை நான் வீட்டில்கூடச் சொன்னதில்லை.

அப்போது ஒரு பூவேலைக் கடையில் கையாளாக இருந்தேன். கல்யாணப் பிளவுஸ், சந்தன நிறப் பட்டு. வரைபடம் இறக்குவது என் வேலை. பஞ்சைப் பிழியாமல் தொட்டுவிட்டேன். முதுகுப் பக்கத்தில், கழுத்து வளைவுக்குக் கீழே, மண்ணெண்ணெய் ஐந்து ரூபாய் நாணயம் அளவுக்குப் பரவிவிட்டது. உலர்ந்தால் போய்விடும், பலமுறை போயிருக்கிறது. துணியைத் திருப்பி மடித்து மின்விசிறிக்குக் கீழே வைத்துவிட்டேன். கடைக்கார அக்கா வந்து, 'அந்தச் சந்தனப் பிளவுஸ் எங்கே?' என்று கேட்டார். 'தெரியவில்லை, அக்கா' என்றேன்.

எனக்கு அந்த அக்காவிடம் பயம் கிடையாது. நல்லவர். கோபமும் கிடையாது. இன்னும் அரைமணி நேரத்தில் அந்தக் கறை போய்விடும், போனபிறகு 'இதோ இருக்கிறது' என்று எடுத்துக் கொடுத்துவிடலாம் என்ற ஒரே நினைப்பு. அது பொய் என்றுகூட அப்போது தோன்றவில்லை. கேள்வியைச் சற்று நேரம் தள்ளிவைத்தேன், அவ்வளவுதான்.

கறை போகவில்லை. வெளிறிய வளையமாக நின்றுவிட்டது. மாலையில் அந்த அக்கா வேறொரு பெண்ணைக் கேட்டார். அவள் அழுதாள். நான் அங்கேயே நின்றேன். இப்போது சொன்னால், கறைக்கு மட்டும் இல்லை, காலையில் 'தெரியவில்லை' என்று சொன்னதற்கும் சேர்த்துப் பதில் சொல்ல வேண்டும். அந்த இரண்டாவது பாரம் முதலாவதைவிட அதிகமாக இருந்தது. மடித்த துணிகளை எடுத்து மறுபடி மடித்துக்கொண்டிருந்தேன். அந்தப் பெண் மறுநாள் வேலைக்கு வரவில்லை.

எமிலியாவுக்கும் இதுதான் என்று நினைக்கிறேன். 'தெரியாது, அம்மா' என்று சொல்லும்போது அவள் இன்னும் பட்டர் தாள் கணக்கிலேயே இருக்கிறாள். இரவு எப்படியாவது இயாகோவிடமிருந்து வாங்கி, கட்டிலுக்கு அடியில் கிடைத்தது என்று கொடுத்துவிடலாம். ஆனால் ஒதெல்லோ வந்து மந்திரம், தாய், சாபம் என்று பேசியதும் துணியின் விலை அவள் கண்முன்னே ஏறிவிடுகிறது. கைக்குட்டை எடுத்ததைச் சொல்லலாம். 'தெரியாது' என்று சொன்னதை எப்படிச் சொல்வது? அதனால் பேச்சைத் திருப்பி, ஆண்களே இப்படித்தான் என்று பொத்தாம்பொதுவாகத் திட்டுகிறாள். அந்த ஏப்ப வசனம் வீரம் இல்லை, நழுவல். அப்படிச் சொல்லிப் பார்த்தேன், வாயில் சரியாக உட்கார்ந்தது.

கைகளுக்கும் வேலை கிடைத்துவிட்டது, தம்பி. ஒதெல்லோ கத்தும்போது டெஸ்டிமோனாவின் துணிகளை மடித்துக்கொண்டிருப்பேன். மடித்ததையே மறுபடி மடிப்பேன்.

இன்னும் ஒன்று மட்டும் இடிக்கிறது. கடைசிக் காட்சியில் ஒதெல்லோ 'அந்தக் கைக்குட்டை' என்று சொன்ன கணத்தில் எமிலியாவுக்கு எல்லாம் விளங்கிவிடுகிறது. அதற்குச் சற்று முன்புதான், வீட்டுக்குப் போ என்று கணவன் அதட்ட, கீழ்ப்படிவது முறைதான், ஆனால் இப்போது இல்லை, இனி நான் வீட்டுக்கே போகாமல் இருக்கலாம் என்றிருக்கிறாள். அப்புறம் உண்மையைச் சொல்கிறாள்: 'நான்தான் கண்டெடுத்தேன், என் கணவனுக்குக் கொடுத்தேன்.' ஒருமுறை இல்லை, இரண்டு முறை சொல்கிறாள். 'கொடுத்தேன்' என்கிறாள்! பறித்தான் என்று ஏன் சொல்லவில்லை? அத்தனை பேர் முன்னால் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள அந்த ஒரு சொல் போதுமே?

பதில்: ஓய்வுபெற்ற வாத்தியார்

அம்மணி, உங்கள் கேள்வியைப் படித்ததும் எழுந்துபோய் அலமாரியைத் திறந்தேன்.

'பறிக்கிறான்' என்ற மேடைக் குறிப்பு 1622இலும் இல்லை, 1623இலும் இல்லை. பின்னால் வந்த பதிப்பாசிரியர்கள் சேர்த்தது. அதையே அச்சில் பார்த்துப் பார்த்து ஷேக்ஸ்பியரே எழுதியதாக நினைத்துவிட்டோம். நானும் முப்பத்தோரு வருடம் 'இங்கே இயாகோ பறிக்கிறான்' என்றே நடத்தியிருக்கிறேன். பழைய பதிப்புகளில் வசனம் மட்டும்தான். 'அந்தக் கைக்குட்டைக்கு எனக்கு என்ன தருவாய்?' என்று அவள் பேரம் பேசுகிறாள். 'நல்ல பெண், கொடு' என்கிறான். எதற்கு என்று அவள் கேட்கிறாள். உனக்கு எதற்கு அது என்கிறான். அதற்குப் பிறகு அவள் 'திருப்பிக் கொடு' என்கிறாள். நடுவில் துணி கைமாறிவிட்டது. எப்படி மாறியது என்று எழுதவில்லை.

பதிப்பாசிரியர்கள் ஏன் சேர்த்தார்கள் என்பது எளிதில் புரிகிறது. அவ்வளவு நல்லவள் தானாகக் கொடுத்திருக்கமாட்டாள் என்று அவர்களுக்குத் தோன்றியிருக்கும். அவளே 'கொடுத்தேன்' என்று இரண்டு முறை சொன்னதை யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

பதில்: வெட்டு ஒன்று

அப்படியென்றால் அந்த இரட்டை ஓரம் வீண்.

(நாடகம் என்றைக்கு? டிக்கெட் உண்டா?)

ஊசிநூல் (கேள்வி கேட்டவர்)

ஞாயிற்றுக்கிழமை ஒத்திகையில் செய்து பார்த்துவிட்டோம். வாத்தியார் ஐயா எழுதியதை இயக்குநரிடம் காட்டினேன். மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு, 'சரி, ஒருமுறை' என்றார்.

இயாகோவாக நடிப்பவரிடம் கையை நீட்டி நிற்க மட்டும் சொன்னோம். 'என்ன தருவாய்?' என்று கேட்டேன். அவர் 'நல்ல பெண்' என்று சொன்னார். பறிக்கிற அவசரம் இல்லாததால் முதல்முறையாக அந்த ஆள் அதை மெதுவாகச் சொன்னார். சிரிப்பு வந்துவிட்டது எனக்கு. உண்மையாகவே வந்தது, நடிப்பு இல்லை. சிரித்துக்கொண்டே துணியை அவர் உள்ளங்கையில் வைத்தேன். வைத்தபிறகுதான் 'எதற்கு இது?' என்று கேட்கத் தோன்றியது. அதற்குள் அவர் விரல்களை மூடிவிட்டார்.

அடுத்த காட்சியில் 'எங்கே தொலைத்திருப்பேன், எமிலியா?' என்று அந்தப் பெண் கேட்டு முடிப்பதற்குள் 'எனக்குத் தெரியாது, அம்மா' என்று சொல்லிவிட்டேன். வழக்கத்தைவிட வேகம். அவள் தன் அடுத்த வசனத்தை மறந்து என்னையே பார்த்தாள். நான் துணி மடித்துக்கொண்டிருந்தேன். இயக்குநர் நிறுத்தவில்லை. கடைசியில், 'பறிப்பது வேண்டாம், இப்படியே இருக்கட்டும்' என்று மட்டும் சொன்னார். நகல் எடுக்கும் வரியைத் திருப்பிச் சேர்த்துவிட்டார். நான்காம் அங்கத்துப் பேச்சில் பாதியைத்தான் கொடுத்தார், மீதிக்கு நேரமில்லையாம். அதற்கு இன்னும் சண்டை பாக்கி இருக்கிறது.

டிக்கெட் கிடையாது, வெட்டு ஒன்று அவர்களே. உண்டியல் வைப்போம். தேதி முடிவானதும் இங்கேயே எழுதுகிறேன்.

மூன்று பழம் பாக்கி. அதற்கு முன் அந்த இரட்டை ஓரத்தைப் பிரித்துக்கொண்டிருக்கிறேன். இனி யாரும் இழுக்கப்போவதில்லை. அதுவும் இல்லாமல் மூன்றாவது வரிசையிலிருந்து பார்த்தால் தடிப்பாகத் தெரிகிறது.